கறுப்புப் பூச்சை நம்பி ஏமாறாதீர்கள்: பழைய காரின் அடிப்பாகத்தைத் துருவிலிருந்து காக்கும் வழி

பழைய கார் வைத்திருப்பவர்கள் மேலே இருக்கிற பெயிண்டுக்கும் குரோமுக்கும் செலவழிக்கும் நேரத்தில் கால் பங்கைக் கீழே செலவழித்தால் அந்த வண்டி இன்னொரு தலைமுறையையும் பார்க்கும். நான் முதன்முதலில் ஒரு பழைய கார் வாங்கியபோது குனிந்து பார்த்தேன். அடிப்பாகம் முழுக்கக் கன்னங்கரேலென்று புதுப் பூச்சு, ஒரு பொட்டுத் துரு இல்லை, மனசு நிறைந்து வாங்கிவிட்டேன். சில மாதம் கழித்து டயர் மாற்ற ஜாக்கை அதற்குரிய இடத்தில் வைத்து ஏற்றினால் வண்டி மேலே வரவில்லை, ஜாக்கின் தலைதான் உள்ளே போனது. சுரண்டிப் பார்த்தபோது அந்த இடத்தில் தகடே இல்லை. பூச்சுதான் தகடு மாதிரி நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தடிமனாக அப்புவது பாதுகாப்பு ஆகாது. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி இருக்க வேண்டும், தகடு எப்படி இருக்கிறது என்று எப்போது வேண்டுமானாலும் நம்மால் பார்க்க முடிய வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்த இரண்டுக்காகத்தான்.

துரு எங்கே உட்காருகிறது

இரும்பு, ஆக்சிஜன், தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் துரு. அதில் உப்பும் சேர்ந்தால் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அரிப்பின் வேகம் பல மடங்காகும். கடல் காற்றில் வரும் உப்பானாலும் பனிக்காலத்தில் சாலையில் தூவுகிற உப்பானாலும் தகட்டுக்கு ஒன்றுதான். காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து அரிப்பு வேகமெடுக்கும், உப்பு படிந்த இடத்தில் அதற்கும் குறைந்த ஈரமே போதும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்த மடிப்புக்குள் துரு பிடித்தால் அது தகடுகளை நெம்பிப் பிரிக்கும், பிரிந்த இடைவெளியில் இன்னும் தண்ணீர் ஏறும், மறுபடியும் நெம்பும்.

இன்றைய கார்களுக்கு இந்தக் கவலை குறைவு, ஏனென்றால் தகடு துத்தநாகப் பூச்சோடு வருகிறது, பாடி முழுவதையும் பிரைமர் தொட்டியில் முக்கி மின்சாரத்தால் படியவைக்கிறார்கள். பழைய கார்களுக்கு இது கிடைக்கவில்லை. போர்ஷ 911 துத்தநாகம் பூசிய தகட்டுக்கு மாறியது 1976 மாடலில்தான், ஆடி முழு பாடியையும் அப்படிச் செய்தது எண்பதுகளின் நடுவில். அதற்கு முந்தைய பெரும்பாலான கார்களில் சில் (கதவுக்கு அடியில் வண்டியின் நீளத்துக்கு ஓடும் குழல்), பாக்ஸ் செக்ஷன் (பெட்டி வடிவக் குழல்) போன்ற மூடிய குழல்களின் உள்பக்கத்துக்குப் பெயிண்ட் சரியாகப் போய்ச் சேர்ந்ததே இல்லை. ஆகவே வெளியே கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே பல வருடமாக வேலை நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடியில் படுப்பதற்கு முன்னால்

ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது. ஹைட்ராலிக் ஜாக் சீல் போனால் சொல்லிவிட்டு இறங்காது. சமமான, கெட்டியான தரையில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வண்டி எடையைத் தாங்கும் ஸ்டாண்டுகளைத் தகடு உறுதியாக இருக்கும் இடத்தில் கொடுத்து, ஜாக்கையும் துணைக்கு நிறுத்தி வைத்துவிட்டு, உள்ளே போகும் முன் வண்டியை ஒருமுறை நன்றாக ஆட்டிப் பாருங்கள். பழைய காரில் இன்னொரு ஆபத்து உண்டு: ஜாக் வைக்கச் சொல்லி கம்பெனி குறித்த இடமே இற்றுப்போயிருக்கலாம், எனக்கு நடந்தது போல. அப்படிச் சந்தேகம் இருந்தால் ஆக்சில், கிராஸ் மெம்பர் என்கிற குறுக்குச் சட்டம், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம் என்று கனமான இரும்பைத் தேடி அங்கே கொடுங்கள்.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அண்ணாந்து பார்த்தபடி சுரண்டும்போது துருத்தூள் நேராகக் கண்ணில்தான் விழும்.

தட்டிப் பாருங்கள், குத்திப் பாருங்கள்

ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், நல்ல விளக்கு. இவ்வளவுதான் கருவி. நல்ல தகட்டில் தட்டினால் 'டிங்' என்று தெளிவான ஓசை வரும், இற்ற இடத்தில் மந்தமாக 'தொப்'பென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே போய்விட்டால் வருத்தப்பட வேண்டாம், அது ஏற்கெனவே ஓட்டைதான், இப்போது நமக்குத் தெரிகிறது, அவ்வளவே.

பார்க்க வேண்டிய இடங்களில் முதல் வரிசை: சில்லின் அடி விளிம்பு, ஜாக் வைக்கும் இடம், வீல் ஆர்ச்சின் உதடு போல மடிந்த பகுதி, லீஃப் ஸ்பிரிங் கண்ணி சேசிஸில் சேரும் இடம், ஃப்ளோர் தகடும் சில்லும் சேரும் மூலைகள். இவற்றைப் பலரும் பார்ப்பார்கள். பெட்ரோல் டேங்க்கைத் தாங்கும் பட்டையை யாரும் பார்ப்பதில்லை. பட்டைக்கும் டேங்க்குக்கும் நடுவே ஒரு ரப்பரோ கம்பளித் துணியோ வைத்திருப்பார்கள், அது வருடக்கணக்கில் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு பட்டையையும் டேங்க்கையும் சேர்த்து அரித்துக்கொண்டிருக்கும். பிரேக் பைப்பும் அப்படித்தான், நீளமாகப் பார்த்தால் நன்றாக இருக்கும், கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் மட்டும் உள்ளுக்குள் மெலிந்திருக்கும். கிளிப்பைக் கழற்றிப் பார்க்காமல் பிரேக் பைப் நன்றாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். மாற்றுவதானால் செம்பும் நிக்கலும் கலந்த பைப் போடுங்கள், அது துருப்பிடிக்காது.

அடுத்து, அடிப்பாகத்தை மேலேயிருந்தும் பாருங்கள். கார்ப்பெட்டைத் தூக்குங்கள். பழைய கார்களின் ஃப்ளோர் பாதி நேரம் கீழேயிருந்து அரிப்பதில்லை, மேலேயிருந்துதான் அரிக்கிறது. முன் கண்ணாடி ரப்பர் வழியாகவோ, ஹீட்டரிலிருந்தோ, கதவுக்குள் அடைபட்ட வடிகால் ஓட்டையாலோ தண்ணீர் உள்ளே வந்து கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் தடித்த கம்பளியில் ஊறி, மாதக்கணக்கில் காயாமல் கிடக்கும். இந்தக் கசிவை அடைக்காமல் கீழே எத்தனை கோட் அடித்தாலும் பயன் இல்லை. சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகால் குழாய் எங்கே முடிகிறது என்று ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக் கண்டுபிடியுங்கள். சில கார்களில் குழாய் கழன்று நேராகச் சில்லுக்குள் கொட்டிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

எல்லாவற்றையும் சுரண்ட வேண்டுமா?

வேண்டியதில்லை, இதில் நிறையப் பேர் தேவைக்கு மேல் வேலை செய்கிறார்கள். கம்பெனியில் அடித்த பழைய பூச்சு இன்னும் இறுக ஒட்டிக்கொண்டு, வெடிப்பில்லாமல், சுரண்டியால் நெம்பினாலும் எழும்பாமல் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். கழுவி, காயவைத்து, மேலே மெழுகு அடித்தால் போதும். அதிலும் தொழிற்சாலைப் பூச்சு அப்படியே இருக்கும் அபூர்வமான வண்டி என்றால் அதைச் சுரண்டுவது அதன் சரித்திரத்தையே சுரண்டுவது.

ஆனால் பூச்சு காய்ந்து வெடித்திருந்தாலோ, தட்டினால் உள்ளே பொள்ளலாகக் கேட்டாலோ, ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தோல் மாதிரி உரிந்து வந்தாலோ, அது போயே ஆக வேண்டும். பிட்டுமன் என்கிற தார் வகைப் பூச்சு வருடம் போகப் போக எண்ணெய்ப் பசை வற்றி இறுகிவிடும், சின்னக் கல் பட்டாலும் வெடிக்கும், அந்த வெடிப்பில் ஏறிய தண்ணீர் பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே பரவி வெளியே வர வழியில்லாமல் உட்கார்ந்துவிடும். பிவிசி பூச்சிலும் இதேதான் நடக்கிறது. வெளியே பார்த்தால் முழுசாக இருக்கும், உள்ளே செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருக்கும்.

முதலில் கழுவுதல். வீல் ஆர்ச்சிலும் சேசிஸ் மேல்பக்கத்திலும் தேங்கிய மண்ணைக் கையாலும் மரக்குச்சியாலும் எடுத்துவிட்டு, கிரீஸ் போக்கும் திரவம் அடித்து, பிறகு அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். பேரிங் சீல், மின்சாரக் கனெக்டர், பிரேக் பக்கம் நேராகப் பீய்ச்ச வேண்டாம். அப்புறம் காயவிடுங்கள். ஒரு நாள் போதாது. மேற்பரப்பு ஒரு மணி நேரத்தில் காய்ந்த மாதிரி தெரியும், மடிப்புக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வர நாள் கணக்காகும். ஃபேன் வைத்து, முடிந்தால் வெயிலில் நிறுத்தி, மூன்று நான்கு நாளாவது பொறுங்கள். அவசரப்பட்டு அடித்த பூச்சு தண்ணீரை உள்ளேயே வைத்துப் பூட்டிவிடும்.

பூச்சை உரிப்பதற்கு ஹீட் கன்னும் சுரண்டியும்தான் எனக்குப் பிடித்த வழி. மிதமாகச் சூடேற்றினால் பிட்டுமன் வெண்ணெய் மாதிரி வழித்துக்கொண்டு வரும், அதிகம் சூடேற்றினால் புகைந்து ஒட்டிக்கொள்ளும். கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டு இதில் இறங்காதீர்கள், சூட்டில் பிட்டுமன் உருகி எல்லாப் பக்கமும் தெறித்துத் தேய்த்த இடத்திலேயே மெழுகிக்கொண்டு போகும். பெரும்பகுதியை வழித்து எடுத்த பிறகு ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தை மினரல் டர்பெண்டைனில் நனைத்த துணியால் துடைத்து, கடைசியில் வெறும் தகட்டுக்கு வந்த பிறகு கம்பி பிரஷ் போடலாம். மணலடிப்பது சேசிஸ் சட்டம் போன்ற கனமான இரும்புக்குச் சரி, மெல்லிய ஃப்ளோர் தகட்டில் அடித்தால் தகடு நெளிந்துவிடும், மணல் குழல்களுக்குள் புகுந்து கடைசிவரை ஈரம் பிடித்து வைத்துக்கொள்ளும். உலர்ந்த பனிக்கட்டி (டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு) பீய்ச்சும் முறை நல்ல முறை, தகட்டைக் கெடுக்காது, ஈரமும் மிச்சம் வைக்காது. ஆனால் அது பூச்சைத்தான் எடுக்கும், துருவை எடுக்காது.

இங்கே இரண்டு எச்சரிக்கை, இரண்டும் முக்கியம். ஒன்று, பெட்ரோல் டேங்க், பெட்ரோல் பைப் பக்கத்தில் ஹீட் கன்னும் தீப்பொறியும் கூடாது. டேங்க்கைக் கழற்றி அப்பால் கொண்டுபோய் வைத்துவிட்டு வேலை செய்யுங்கள், காலி டேங்க்கிலும் ஆவி இருக்கும். இரண்டு, அந்தக் காலத்துப் பூச்சுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருந்தது, பழைய பிரைமரில் ஈயம் இருக்கலாம். ஆகவே உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்கவிடாமல் வழித்தோ ஈரப்படுத்தியோ எடுங்கள், பி100 அல்லது பி3 தரத்து மாஸ்க் போடுங்கள், சாதாரணத் துணி மாஸ்க் இதற்கு உதவாது. என்ன பூச்சு என்று சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு முடிவு வரும்வரை தொடாமல் இருப்பதே நல்லது.

ஓட்டையும் மேல் துருவும் வேறு வேறு

இற்ற தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் ஒரே வழி. ஃபைபர் துணியும் பட்டியும் வைத்து அடைத்தால் பார்வைக்கு மூடும், பலம் வராது, சில்லும் ஜாக் பாயிண்டும் வண்டியின் எலும்பு. வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பின்னால் பழைய மெழுகோ பிட்டுமனோ இருந்தால் தீப்பிடிக்கும், மேலே கார்ப்பெட்டையும் எடுத்திருக்க வேண்டும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும். தகட்டைத் துடைக்க குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பயன்படுத்தாதீர்கள், வெல்டிங் சூட்டில் அது பாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாக மாறும். கொஞ்சம் சுவாசித்தாலும் உயிருக்கு ஆபத்து.

மேலோட்டமான துருவுக்குக் கதை வேறு. செதில்களைச் சுத்தியலாலும் கம்பி பிரஷாலும் உதிர்த்து, முடிந்தவரை பளபளப்பான இரும்புக்குக் கொண்டுவாருங்கள். குழிக்குள் கறுப்பாக மிச்சம் இருக்கும் துருவுக்குத்தான் ரஸ்ட் கன்வர்ட்டர். அதில் பாஸ்பாரிக் அமிலம் இருந்தால் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும், டானிக் அமிலம் இருந்தால் கறுப்பான இரும்பு டானேட்டாக மாற்றும். சுரண்டாத தடித்த துருவின் மேல் இதைத் தடவினால் மேல்தோல் மட்டும் கறுக்கும், உள்ளே அப்படியே இருக்கும், ஆகவே இதை மந்திரமாக நினைக்காதீர்கள். அமிலத்தை மடிப்புக்குள் வழியவிடக் கூடாது, கழுவி எடுக்க முடியாமல் உள்ளேயே தங்கி அதுவே அரிக்க ஆரம்பிக்கும். லீஃப் ஸ்பிரிங், காயில் ஸ்பிரிங், உயர்பலமுள்ள போல்ட் இவற்றை அமிலத்தில் ஊறவைக்கவே கூடாது, ஹைட்ரஜன் உள்ளே ஏறி அந்த எஃகு நொறுங்கும் தன்மையாகிவிடும்.

பிரைமர், சீலர், அதற்கு மேல் பெயிண்ட்

வெறும் இரும்புக்கு மேலே நான் நம்புவது இரண்டு பாகமாக வரும் எபாக்ஸி பிரைமரைத்தான். சாதாரண ஒற்றை டப்பா பிரைமர்களில் பெரும்பாலானவை ஈரத்தை உறிஞ்சும், அதை அடித்து மேலே பெயிண்ட் போடாமல் விட்டால் அதற்கு அடியிலேயே துரு வரும். எபாக்ஸி ஈரத்தைத் தடுக்கும். தகட்டை 80 முதல் 180 வரையான உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, கை படாமல் அடியுங்கள். தகட்டின் சூடு பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி அதிகம் இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் தொழிலில் பழகிய கணக்கு. இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின் மேல் அடிக்கிறோம். அமிலம் கலந்த எட்ச் பிரைமர் மேலே எபாக்ஸி சரியாக ஒத்துப்போவதில்லை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த கோட் எத்தனை மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும் என்று டப்பாவின் தகவல் தாளில் போட்டிருப்பார்கள், அந்த நேரம் தாண்டினால் மறுபடி தேய்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

துத்தநாகம் அதிகம் உள்ள பிரைமரும் உண்டு. அதில் துத்தநாகம் தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காக்கும், ஆனால் அதற்குத் துத்தநாகம் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதாவது துரு மேலேயோ பழைய பெயிண்ட் மேலேயோ அடித்தால் வீண். போர்-15 போல ஈரத்தில் இறுகும் பெயிண்டுகள் இதற்கு நேர்மாறானவை. சொரசொரப்பான, துருவின் சாயல் இருக்கும் இரும்பில் கெட்டியாகப் பிடிக்கும், வழவழப்பான புது இரும்பில் சரியாகத் தயார் செய்யாமல் அடித்தால் தகடு தகடாக உரிந்து வரும்.

எபாக்ஸி காய்ந்த பிறகு மடிப்புகளுக்கு சீம் சீலர், அதாவது இணைப்பை அடைக்கும் பசை. பாலியூரித்தேன் அல்லது எம்எஸ் பாலிமர் வகை வாங்குங்கள். குளியலறைக்கு வாங்கும் சிலிக்கான் வேண்டாம், புளிப்பு வாசனை வரும் வகை இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடும், அது இரும்பை அரிக்கும், மேலே பெயிண்டும் ஒட்டாது. சீலரைப் பிரைமருக்கு மேலேதான் போட வேண்டும், வெறும் தகட்டில் அல்ல. இன்னொன்றும் கவனியுங்கள்: எல்லா மடிப்பையும் அடைக்காதீர்கள். சில்லின் அடி மடிப்பில் சில இடத்தைக் கம்பெனியே திறந்து விட்டிருக்கும், அது வடிகால். அதை அடைத்தால் நீங்கள் செய்வது தொட்டி.

மேல் பூச்சுக்கு வந்தால், டூ-கே பெயிண்ட் (ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு பாகப் பெயிண்ட்) அடித்து, சக்கரத்துக்குப் பின்னால் கல் தெறிக்கும் இடங்களில் மட்டும் ஸ்டோன் சிப் பூச்சு கொடுத்தால் போதும். டூ-கே பெயிண்டை ஸ்ப்ரே செய்வதானால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கும், வெளிக்காற்று கொடுக்கும் முகமூடி இல்லாமல் அடிக்கக் கூடாது. வீட்டில் செய்பவர்கள் பிரஷில் அடிக்கும் சேசிஸ் பெயிண்டுக்குப் போவது புத்திசாலித்தனம். நிறத்தைப் பற்றி என் கருத்து: கறுப்பு வேண்டாம். வெளிர் சாம்பல் அடியுங்கள். புதிதாகத் துரு கசிந்தால் முதல் நாளே பழுப்புக் கோடாகத் தெரியும்.

குழல்களுக்குள் மெழுகு, இதுதான் உயிர்நாடி

இதுவரை செய்ததெல்லாம் வெளிப்பக்கம். வண்டியைக் கொல்லும் துரு பெரும்பாலும் உள்ளேயிருந்து வருகிறது, ஆகவே ஒருவருக்கு ஒரே ஒரு வேலை செய்யத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். சில், சேசிஸ் குழல், கிராஸ் மெம்பர், கதவு அடி, வீல் ஆர்ச்சின் இரட்டைச் சுவர், பின் பம்பருக்கு உள்பக்கம் என்று மூடிய எல்லா இடத்துக்கும் கேவிட்டி வாக்ஸ், அதாவது குழலுக்குள் தூவும் மெழுகு, போக வேண்டும்.

இதற்குத் தேவை நீளமான வளையும் குழாய், நுனியில் 360 டிகிரியும் தூவும் நாசில். ஏரோசால் டப்பாவோடும் இப்படிக் குழாய் வரும், கம்ப்ரசர் இருந்தால் தனி கன் வாங்கலாம். முதலில் ஒரு அட்டைக் குழாயையோ பழைய பிளாஸ்டிக் பைப்பையோ எடுத்து அதற்குள் அடித்து, பிளந்து பாருங்கள். எவ்வளவு வேகத்தில் குழாயை இழுத்தால் சுவர் முழுக்கப் படிகிறது என்று கைக்குப் பழகிவிடும். அப்புறம் வண்டியில், குழாயைக் கடைசிவரை உள்ளே தள்ளி, அடித்தபடியே நிதானமாக வெளியே இழுங்கள். மெழுகும் தகடும் இளஞ்சூடாக இருந்தால் நன்றாக ஊர்ந்து மடிப்புக்குள் போகும், ஆகவே வெப்பமான நாளில் செய்யுங்கள், டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வையுங்கள். கொதிநீர் கூடாது, தீயில் காட்டவே கூடாது. இந்த ஆவி தீப்பிடிக்கும், கதவைத் திறந்து வைத்து, பைலட் சுடரோ ஹீட்டரோ இல்லாத இடத்தில் அடியுங்கள்.

உள்ளே போக ஏற்கெனவே ஓட்டைகள் இருக்கும், ரப்பர் மூடிகளைக் கழற்றிப் பாருங்கள். புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தால் சில்லின் அடிப்பக்கம் வேண்டாம், கதவு மூடினால் மறையும் உள்விளிம்பில் போட்டு, ஓட்டையின் வெட்டுவாய்க்கு பிரைமர் தொட்டு, ரப்பர் மூடி போட்டுவிடுங்கள். அடித்து முடித்ததும் வடிகால் ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுத் துழாவுங்கள். ஒரு வாரம் வரைக்கும் சொட்டும், கீழே அட்டை விரியுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் கம்பி விடுங்கள், ஏனென்றால் முதல் நாள் திறந்திருந்த ஓட்டை வழிந்து வந்த மெழுகால் அடைபட்டிருக்கும். எல்லா வடிகாலிலிருந்தும் மெழுகு சொட்டுகிறதா என்பதுதான் உள்ளே சரியாகப் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம். ஒரு பக்கம் சொட்டவே இல்லை என்றால் அங்கே உள்ளே மண் அடைத்திருக்கிறது, மறுபடி இறங்குங்கள்.

எந்தப் பொருள்? வாக்ஸாயில், டினிட்ரால் போன்ற மெழுகு வகைகள் காய்ந்து மெல்லிய படலமாக நிற்கும். லனோலின் கலந்த ஃப்ளூயிட் ஃபிலிம் வகை காயவே காயாது, ஊர்ந்துகொண்டே இருக்கும், பழைய துருவுக்குள்ளும் ஊறும், ஆனால் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவிப் போகும், வருடாவருடம் திரும்ப அடிக்க வேண்டும். மைக் சாண்டர்ஸ் என்று ஒரு கிரீஸ் உண்டு, அதைச் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கி உள்ளே பீய்ச்ச வேண்டும், ஆறியதும் கெட்டியாகும், வெயிலில் மறுபடி இளகித் தானே பரவும். நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் கொதிக்கும் கிரீஸைக் கையாள அனுபவம் வேண்டும். முதல் தடவை செய்பவருக்கு உள்ளே கேவிட்டி வாக்ஸ், வெளியே பெயிண்டுக்கு மேல் நிறமில்லாத மெழுகு, இந்தச் சேர்க்கையைத்தான் சொல்வேன். நிறமில்லாததால் அடியில் இருப்பது தெரியும், கீறல் விழுந்த இடத்தில் தொட்டு வைத்தால் பழையதோடு கலந்துவிடும்.

எதில் படக் கூடாது: பிரேக் டிஸ்க், டிரம், பேட், சைலன்சர், ஜாயிண்ட் ஷாஃப்ட், ஹேண்ட்பிரேக் கேபிளின் திறந்த பகுதி, கிளட்ச் ஹவுசிங் திறப்பு. ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ் இவற்றையும் துணி சுற்றி மறையுங்கள், எண்ணெய் வகை இயற்கை ரப்பரை ஊதிப் போகச் செய்யும். பிரேக்கில் தெறித்துவிட்டது என்று தெரிந்தால் சுத்தமாகத் துடைத்துச் சோதிக்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

ஒரு கேள்வி அடிக்கடி வரும்: பேட்டரியில் மாட்டினால் துரு வராது என்று விற்கும் மின்னணுப் பெட்டி வாங்கலாமா? வேண்டாம். கப்பலுக்கும் பூமிக்கடியில் போகும் குழாய்க்கும் அந்த முறை வேலை செய்கிறது, ஏனென்றால் அவை முழுக்க ஈரமான ஊடகத்துக்குள் இருக்கின்றன, மின்னோட்டம் சுற்றிவர வழி உண்டு. காற்றில் நிற்கும் காருக்கு அப்படி வழி இல்லை. அந்தப் பணத்துக்கு மெழுகு வாங்குங்கள்.

தனிச் சேசிஸ் சட்டம் உள்ள வண்டி என்றால், பாடியை முழுவதுமாகக் கழற்றிய நேரத்தில் சட்டத்தை மட்டும் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கலாம். சுமார் 450 டிகிரி சூட்டில் முக்குவதால் மூடிய குழல்களில் காற்று வெளியேற ஓட்டை இருக்க வேண்டும், மெல்லிய தகட்டுப் பாடியை இப்படிச் செய்தால் நெளிந்துவிடும். அலுமினியப் பாடி இரும்புச் சட்டத்தில் உட்காரும் வண்டிகளில் இரண்டுக்கும் நடுவே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தடுப்பு கட்டாயம் வேண்டும். ஈரம் பட்டால் அங்கே அலுமினியம்தான் முதலில் கரையும்.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு நாள்

மெழுகு அடித்துவிட்டால் முடிந்தது என்று இல்லை. உப்புச் சாலையில் ஓட்டினால் வீடு வந்ததும் அடிப்பாகத்தைச் சாதாரணத் தண்ணீரில் அலசுங்கள், அலசாமல் சூடான ஷெட்டுக்குள் விடுவது குளிரில் வெளியே விடுவதைவிட மோசம், ஏனென்றால் சூட்டில் உப்புத் தண்ணீரின் வேலை வேகமாகும். புல் மேலும் மண் தரையிலும் நாள் கணக்கில் நிறுத்தாதீர்கள், தரையின் ஈரம் இரவெல்லாம் ஏறும். சிமெண்டுத் தரையும் சில இடத்தில் ஈரம் விடும், ஒரு பாலித்தீன் தாளை ஓரங்களை ஒட்டி ஓரிரு நாள் தரையில் விரித்து வைத்தால் தெரிந்துவிடும், தாளின் அடியில் ஈரம் கோத்திருந்தால் தடித்த விரிப்பு போடுங்கள். மூடி வைக்கும் துணி காற்று போகும் துணியாக இருக்கட்டும், பிளாஸ்டிக் கவர் உள்ளே வியர்க்க வைக்கும்.

வருடத்தில் ஒரு காய்ந்த நாளைத் தேர்ந்தெடுத்து வண்டியை ஏற்றி, போன வருடப் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். வடிகால்களில் கம்பி விடுங்கள். கல் அடித்து மெழுகு போன இடத்தைத் துடைத்துத் தொட்டு வையுங்கள். இரும்பே தெரிகிறது என்றால் தேய்த்து, எபாக்ஸி தொட்டு, காய்ந்த பிறகு மெழுகு. கார்ப்பெட்டின் நான்கு மூலையிலும் கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள், இதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும், பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை குழல்களுக்குள் மெழுகைப் புதுப்பியுங்கள். வண்டியை இறக்கும்போது ஜாக் தலை அழுத்திய இடத்தில் மெழுகு நசுங்கிப் போயிருக்கும், துணியை எடுத்து வைப்பதற்கு முன் அங்கேயும் ஒரு தடவை பிரஷால் தொட்டுவிடுங்கள்.